கடினம்தான், ஆனால் நியாயம்

நிரோஷன் கட்டிய லெவலில் இதுவரை ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதில் அவனுக்கு இருந்த நிம்மதியை வெளியே சொன்னால், ஆளுக்கு மண்டை பிசகிவிட்டது என்பார்கள். காலையில் எழுந்து வாய் கொப்பளிக்கும் முன்பே போனை எடுத்து இணைய மன்றத்தைத் திறப்பான். ஜெர்மனிக்காரன் ஒருவன் செத்திருப்பான். பிரேசிலில் ஒருத்தி நாள் முழுக்கச் செத்துச் செத்துப் பார்த்துவிட்டு, நன்றாகத் திட்டி எழுதியிருப்பாள். "இது லெவல் இல்லை, கொலை" என்று கனடாக்காரன் ஒருவன் எழுதியதை அவன் திரும்பத் திரும்ப வாசித்தான். அன்றைக்குத்தான் அவனுக்குத் தொண்டையில் சோறு இறங்கியது.

அது ஒரு பழைய கணினி விளையாட்டு. முதுகில் பையோடு ஒரு பெண் பாழடைந்த கோட்டைகளுக்குள் ஓடுவாள், தாவுவாள், கைக்கு எட்டிய விளிம்பைப் பிடித்துத் தொங்கி மேலே ஏறுவாள். அதைச் செய்த கம்பனி எப்போதோ கைகழுவிவிட்டது. ரசிகர்கள்தான் விடவில்லை. லெவல் கட்டுவதற்கு ஒரு மென்பொருளைத் தாங்களே செய்து, குகை, கோயில், பனிமலை என்று ஆளுக்கொன்றைக் கட்டி மன்றத்தில் போடுவார்கள். மற்றவர்கள் அதை இறக்கி விளையாடிச் செத்து, செத்த கதையை அங்கே வந்து எழுதுவார்கள். வேலைவெட்டி இல்லாத கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் டாக்டர் இருக்கிறார், பஸ் டிரைவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர்கூட இருக்கிறார்.

அவர்களுக்குச் சாவது ஒரு பொருட்டே இல்லை. எவ்வளவு கஷ்டமான லெவலையும் பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடுவார்கள். அநியாயத்தை மட்டும் பொறுக்க மாட்டார்கள். செத்தவருக்கு ஏன் செத்தோம் என்று விளங்க வேண்டும். ஆபத்து வருகிறது என்றால், அதற்கு முன்னால் ஒரு சத்தமோ அசைவோ இருக்க வேண்டும். எவ்வளவு ஒடுக்கமானாலும் வெளியேற ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். லெவலைக் கட்டியவர் தானே அதை விளையாடி முடித்த வீடியோவையும் சேர்த்துப் போடுவது வழக்கம். போடாவிட்டால் மாதக் கடைசி வரை பொறுத்துப் பார்ப்பார்கள். அதற்குள் ஒருவராலும் முடிக்க முடியவில்லை என்றால், 'வழி இல்லை' என்று சிவப்பு எழுத்தில் முத்திரை குத்தி லெவலைத் தூக்கிவிடுவார்கள். கட்டியவருக்கு அதைவிட மானக்கேடு கிடையாது.

நிரோஷனுக்கு வேண்டியிருந்தது அந்த மானக்கேடுதான். 'மழை' என்று பெயர் வைத்து அவன் போட்ட லெவலில் கோட்டையும் இல்லை, குகையும் இல்லை. கண்டி மலையில், பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவன் பிறந்து வளர்ந்த லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு, இருந்தது. அந்த லயத்தின் நடு வீட்டுக் காம்பராவில்தான் அவன் தங்கை லோஜினி மலை சரிந்து மண்ணுக்குள் போனாள்.

முன்பெல்லாம் அவன் கட்டும் லெவல்களை முதலில் விளையாடிப் பார்ப்பவள் அவள்தான். கண்டியில் வேலை கிடைத்து வந்தபோது பழைய லெப்டொப்பை அவளிடம் விட்டு வந்திருந்தான். புதிதாக எதையாவது கட்டினால் அனுப்புவான். விளையாடிப் பார்த்துக் குறை சொல்வதுதான் அவள் வேலை. குறை சொல்வதற்கென்றே பிறந்தவள் மாதிரி சொல்வாள். கதவைக் காட்டினால் சன்னலைத் தேடுவாள். பாலம் கட்டிவைத்தால் பாலத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டு போவாள். "அங்க போகாதடி, அது சும்மா அலங்காரத்துக்கு வச்சது" என்று இவன் போனில் கத்துவான். "அலங்காரத்துக்குன்னா ஏன்ணே கைக்கு எட்டுற மாதிரி வச்ச? இது அநியாயம்" என்பாள். அவள் அநியாயம் என்று சொன்ன இடத்தை நிரோஷன் முணுமுணுத்துக்கொண்டே திருத்திவிடுவான். மன்றத்தில் அவனுக்குக் கிடைத்த நல்ல பெயரில் பாதிக்கு மேல் அவளுடையது.

மழை பிடித்துக்கொண்டு நாலைந்து நாளாகியிருந்தது. மண் சரிந்த அன்று பகல், அம்மா வேலாயி தோட்டத்து மருந்தகத்துக்குப் போய், மழை விடட்டும் என்று அங்கேயே நின்றுவிட்டாள். அப்பா காலமாகிப் பல வருடம். லோஜினி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு தனியாக இருந்தாள். அவள் அழைத்தபோது நிரோஷன் கண்டியில், தான் வேலை செய்யும் நண்பன் பஹீமுடைய அச்சுக்கடையில் நின்றான். யாருடைய கல்யாணத்துக்கோ ஒரு பெரிய பெனர் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று நிறம் சரியில்லை என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மேல என்னமோ கல்லு உருள்ற மாதிரி சத்தம் கேக்குது. வாசக் கானுல ஓடுற தண்ணியும் செவப்பா வருது. என்ன செய்ய? வெளிய ஓடவா?"

"வெளிய போகாதடி. கரண்டு கம்பி அறுந்து கெடக்கும், மரம் கிரம் விழும். காம்பராவுக்குள்ளயே இரு. நான் வர்றேன்."

யோசித்துச் சொன்னது இல்லை. மழை நாளில் யாரும் யாருக்கும் சொல்வது. போனை வைத்துவிட்டு உடனேதான் கிளம்பினான். வத்தேகமைக்கு அப்பால் பாதை மூடியிருந்தது. மிச்சத் தூரத்தை நடந்தும் ஓடியும் போய்ச் சேர்ந்தபோது லயத்தின் முன்பகுதியும் நடுப்பகுதியும் இல்லை. பாறையை ஒட்டியிருந்த கடைசி வீடு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நின்றது. லோஜினியைக் கட்டிலோடு சேர்த்துத்தான் எடுத்தார்கள். சொன்னபடி உள்ளேயே இருந்திருக்கிறாள்.

கதவைத் திறந்து வாசலுக்கு ஓடியவர்களும் பிழைக்கவில்லை. மண் அவர்களையும் படிக்கட்டோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. அதனால் வந்தவர்களெல்லாம் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள்: உள்ள இருந்தாலும் போயிருப்பா, வெளிய வந்தாலும் போயிருப்பா, அவ விதி அவ்வளவுதான். அந்த ஆறுதல் உண்மையா என்பதுதான் நிரோஷனைப் போட்டு அரித்தது. உண்மை என்றால், அவன் போனில் சொன்ன வார்த்தைக்குப் பாரம் இல்லை. எங்காவது ஒரு வழி இருந்திருந்தால், அவளைக் கொன்றது மண் இல்லை. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் அவனால் ஒரு பிடி சோறு தின்ன முடியவில்லை. அந்தப் போன் பேச்சைப் பற்றி அம்மாவிடம் அவன் மூச்சு விடவில்லை. பஹீமுக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் நின்று கேட்டவன்.

ஆகவே கட்டினான். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் உட்கார்ந்து, அந்த லயத்தை அப்படியே கட்டினான். ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவன் ஏமாற்றவில்லை. வழி இல்லை என்ற முத்திரை வேண்டுமென்றால் நாலு சுவரை அடைத்துவைத்தால் போதும், அரை மணி நேர வேலை. அப்படி வாங்கின முத்திரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. வாசலில் சாக்கு, அடுப்படியில் விறகு, முன் திண்ணையான இஸ்தோப்பில் தொங்கிய மழைக்கோட்டு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கல் உருளும் சத்தத்தை வைத்தான். கானில் தண்ணீரைச் சிவப்பாக்கினான். எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதைக் கடைசி வீட்டுச் சரசக்காவிடம் கேட்டுத்தான் முடிவு செய்தான். சத்தம் கேட்டபோது அவள் கேத்தலை அடுப்பில் வைத்தாளாம்; தண்ணீர் கொதித்து மூடி ஆடத் தொடங்கியபோது மண் வந்ததாம். நிரோஷன் ஒரு கேத்தல் வாங்கி வந்து, மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்துப் பார்த்தான்.

ஞாபகத்தில் இல்லாததை அம்மாவிடம் கேட்டான். வேலாயி இப்போது ஹுன்னஸ்கிரியவில் தன் தங்கை வீட்டில் இருந்தாள்.

"அம்மா, நம்ம அலுமாரி செவுத்தோட ஒட்டியா இருந்துச்சு, தள்ளியா?"

"ஒட்டித்தான். ஏன்டா தம்பி?"

"சும்மா. ஒரு பிளேன் வரையிறேன்."

மண்ணில் வீடு போனவர்களுக்குப் புது வீடு தரப்போகிறார்கள் என்று அப்போது பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் புது வீட்டு வரைபடம்தான் என்று வேலாயி தானாக முடிச்சுப் போட்டுக்கொண்டாள். குரலில் ஒரு தெம்பு வந்தது, பல மாதங்களுக்குப் பிறகு.

"அப்போ அடுப்படியப் பின்னுக்குப் போடு. பொக அடிச்சி எனக்குக் கண்ணே போச்சு. முன்னுக்கு லோஜினி படம் மாட்ட ஒரு எடம் வெயி. வெளிச்சமா இருக்கணும்."

இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "சரிம்மா" என்றான். அதற்குப் பிறகு அவள் அழைக்கும்போதெல்லாம் பிளேன் எந்தமட்டில் இருக்கிறது என்று கேட்டாள். அவனும் நடக்கிறது, நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். பௌர்ணமிப் போயா லீவுக்கு வருகிறேன், வந்து கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள்.

லெவல் மன்றத்துக்குப் போனது. சாவுகள் விழத் தொடங்கின. அவனும் தனக்குத் தெரிந்த எல்லா வழிகளிலும் ஓடிப் பார்த்தான். முன் கதவு, படிக்கட்டு, கான் ஓரம், பின் சன்னல், தேயிலைச் செடிகளுக்கு நடுவில். எல்லாப் பக்கமும் மண் முந்திக்கொண்டது. விளையாட்டுப் பெண் விழும்போது ஒரு சின்னச் சத்தம் போடுவாள். அதைக் கேட்கப் பொறுக்காமல் சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடினான். ஒவ்வொரு சாவுக்கும் அவன் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது, ஒவ்வொரு சாவிலும் லோஜினி திரும்பச் செத்தாள். இரண்டும் உண்மை.

பஹீமுக்கு இது பிடிக்கவில்லை. கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னான்.

"நான் ஒன்னு செல்றேன், கோவிச்சிக்காதே மச்சான். நீ தீர்ப்புக் கேக்கப் போன எடம் பிழை. அவனுகளுக்கு இது வெளாட்டு."

"வெளாடுறவன்தான் பொய் சொல்ல மாட்டான். வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் எம் மொகத்தப் பாத்துச் சொல்றாங்க. அவனுங்களுக்கு என்னைய யாருன்னே தெரியாது."

"ஒலகம் பூரா தோத்தா ஒன்ட தங்கச்சி வருவாளா?"

"வர மாட்டா. நான் சொன்னது தப்பில்லன்னாவது ஆகும்ல?"

"அது அல்லாஹ்ட நாட்டம், மச்சான்."

"எல்லாரும் அதத்தான் சொல்றீங்க. சாமி பேரு மட்டும்தான் மாறுது."

பஹீம் சோற்றைப் பிசைந்தான். பிறகு, "எவனாச்சும் ஒருத்தன் ஜெயிச்சிட்டா?" என்று கேட்டான். நிரோஷன் எழுந்து போய்க் கையைக் கழுவினான். அதற்குப் பிறகு சோற்றைத் தொடவும் இல்லை.

மாதக் கடைசி நெருங்கியது. மன்றத்தின் மிகப் பெரிய கைகளெல்லாம் தோற்றுவிட்டன. எதையும் ஒரே நாளில் முடிக்கிற ஸ்பானியர் ஒருவர், "நானும் விட்டேன். இதில் வழி கிடையாது. முத்திரையைக் குத்துங்கள்" என்று எழுதினார். ஓய்வுபெற்ற நீதிபதி அதை வழிமொழிந்தார். நிரோஷன் அதைப் படித்துவிட்டு அறையின் நடுவில் நின்று வாய்விட்டு அழுதான். நீண்ட நாளாக அழுகையே வராமல் இருந்தவன். அன்று அவன் நன்றாகத் தூங்கினான்.

போயா அன்று காலை போனைத் திறந்தபோது மன்றம் ஒரே ஆரவாரமாகக் கிடந்தது. 'பழைய பூட்ஸ்' என்ற பெயரில் எழுதும் ஃபின்லாந்துக்காரி ஒருத்தி வீடியோ போட்டிருந்தாள். தலைப்பில் 'முடித்துவிட்டேன்' என்று இருந்தது. பெரிய விளையாட்டுக்காரி என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. நிரோஷன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அதை ஓடவிட்டான். அதற்குள் இரண்டு தடவை தவறான இடத்தைத் தொட்டிருந்தான்.

கல் உருளும் சத்தம் கேட்கிறது. விளையாட்டுப் பெண் கட்டிலிலிருந்து எழுகிறாள். கதவுப் பக்கம் போகவே இல்லை. நின்ற இடத்தில் நின்று மேலே பார்க்கிறாள். கட்டிலில் ஏறி அலுமாரிக்குத் தாவுகிறாள். அலுமாரியிலிருந்து கையை நீட்டிப் பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரின் உச்சியைப் பிடிக்கிறாள்.

லயத்து வீடுகளின் நடுச்சுவர் கூரைவரை போவதில்லை. தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் குனிந்து போகிற அளவு இடம் திறந்தே கிடக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் கல்லையும் சுண்ணாம்பையும் மிச்சம் பிடிக்கக் கட்டிய கட்டு. ஒரு வீட்டுச் சண்டை வரிசை முழுக்கக் கேட்பதும், ஒரு வீட்டுக் கருவாடு எல்லா வீட்டிலும் மணப்பதும் அதனால்தான். நிரோஷன் பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்துப் படுத்துறங்கிய இடைவெளி அது. அதனாலேயே அவன் அதைப் பார்க்கவில்லை. லயம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று, யோசிக்காமல், கட்டும்போது அப்படியே விட்டுவிட்டான். ஃபின்லாந்தில் லயம் கிடையாது. அவளுக்கு அது ஒரு விளிம்பு, அவ்வளவுதான்.

பெண் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு அடுப்படியில் குதிக்கிறாள். அங்கே விறகின்மேல் ஏறி அடுத்த சுவர். அதற்கும் அப்பால் இன்னொன்று. பின்னால் தகரம் கிழிகிற சத்தம் கேட்கிறது. அவள் கடைசி வீட்டில், பாறைப் பக்கத்தில், கால் ஊன்றி நிற்கிறாள். மண் வந்து, நின்று, ஓய்கிறது. நேரம் மிச்சம் இருந்தது. அவசரமே படவில்லை அவள்.

கீழே எழுதியிருந்தாள்: "நாள்கணக்கில் கதவைப் பார்த்தே செத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன். வழி முதலிலிருந்தே கண் முன்னால் இருந்திருக்கிறது, கட்டியவர் எதையும் ஒளிக்கவில்லை. சத்தத்தைக் கேட்டவுடன் அசைந்தால் யாரும் பிழைக்கலாம். கடினம்தான், ஆனால் நியாயம். இந்த வருடத்தின் மிகச் சிறந்த லெவல்." அதற்குக் கீழே வாழ்த்துகள் குவிந்திருந்தன. ஸ்பானியர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லியிருந்தார். நீதிபதி தன் கருத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருந்தார்.

நிரோஷனுக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. எவளோ ஒருத்தி, உலகத்தின் அந்த மூலையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, யாரும் பிழைக்கலாம் என்கிறாள். யாரும் என்றால் யார்? விளையாட்டுப் பெண்ணுக்குத் தாவத் தெரியும். லோஜினி பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளை. அலுமாரி ஆடியிருக்கும். சுவர் கரி பிடித்து வழுக்கியிருக்கும். அவளுக்குக் கை எட்டியிருக்காது. பயத்தில் கால் ஓடியிருக்காது. வக்கீல் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ஒவ்வொன்றையும் வைத்த கையோடு அவனுக்கே சந்தேகம் வந்தது.

பிறகு லெப்டொப்பைத் திறந்து எடிட்டரைப் போட்டான். கட்டியவர் பிழை திருத்த மன்றத்தில் அனுமதி உண்டு. நடுச்சுவரைத் தெரிவு செய்து உயரத்தைக் கூட்டினால் தீர்ந்தது. சுவர் கூரையில் போய் முட்டும், இடைவெளி போய்விடும். பழைய வீடியோ பிழையான பதிப்பில் எடுத்தது என்று ஆகிவிடும். சிவப்பு முத்திரை வரும். அவன் சுவரை உயர்த்தினான். விளையாட்டுப் பெண்ணை விட்டுப் பார்த்தான். அவள் அலுமாரியிலிருந்து தாவிச் சுவரில் மோதி, பிடி கிடைக்காமல் கட்டிலில் விழுந்தாள். மண் வந்து மூடியது. நன்றாக இருக்கிறது என்று நிரோஷன் நினைத்தான். நினைத்ததற்காக அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பதிவேற்றும் பட்டனுக்குப் பக்கத்தில் அம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டான்.

அப்போதுதான் கதவைத் தட்டிக்கொண்டு வேலாயி வந்தாள். கையில் ஒரு பை. பைக்குள் ரொட்டியும் சம்பலும். ஹுன்னஸ்கிரியவிலிருந்து இரண்டு பஸ் மாறி, அம்பிட்டிய ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி வந்திருக்கிறாள். நிரோஷனுக்கு லெப்டொப்பை மூடத் தோன்றவில்லை. எழுந்து கதிரையை இழுத்துப் போட்டான். அவள் உட்காராமல் திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

வேலாயி விரலை நீட்டிச் சாக்கைத் தொட்டாள், மழைக்கோட்டைத் தொட்டாள், கட்டிலைத் தொட்டாள்.

"இது நம்ம காம்பராடா."

"ஆமாம்மா."

"புது வீட்டு பிளேன்னுல சொன்ன?"

"அதும் வரையணும். இது... ஞாபகத்துக்கு."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். நிரோஷன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவள் முகத்தில் வந்த சின்னச் சிரிப்பை அவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. இந்தச் செவுர மட்டும் பிழையாக் கட்டிருக்க. கூரை வரைக்கும் ஏத்தி வச்சிருக்க பாரு. நம்மளது அப்படியா இருந்துச்சு? மேல தொறந்துல்ல கெடக்கும்."

"மறந்துட்டேம்மா" என்றான்.

"நீ எங்கடா வீட்டுல தங்கின, ஞாபகம் இருக்க. ஒந் தங்கச்சியக் கேட்டிருந்தா சொல்லிருப்பா. நான் வேலைக்குப் போனதும் அலுமாரில ஏறி, செவுரு செவுராத் தாண்டி, சரசு வீட்டுக்கு டீவி பாக்கப் போயிருவா. வாசப்பக்கம் போனா நாலு பேரு பாத்து எங்கிட்டச் சொல்லிருவாங்கன்னு. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள அங்க நிப்பா. சரசு எத்தன தடவ சிரிச்சிச் சிரிச்சிச் சொல்லிருக்கா. அலுமாரி மேல அவ கால்தடம் எப்பவும் இருக்கும்."

வேலாயி பேசிக்கொண்டே பையை மேசையில் வைத்தாள். ரொட்டிப் பொதியைப் பிரிக்கப் போனவள் பாதியில் கையை நிறுத்திவிட்டாள்.

"அதான்டா எனக்கு ஆறவே மாட்டேங்குது. சரசு வீடு அப்படியே நிக்கிது. அன்னைக்கும் அவ அந்த வழியாப் போயிருந்தா இன்னிக்கு இருப்பா. பரீச்சை எழுதிருப்பா. சத்தம் கேக்காம இருந்திருக்குமா? காது கேக்காத புள்ளையா அவ? ஏன் அன்னைக்கு மட்டும் கட்டில்லயே ஒக்காந்திருந்தான்னு எனக்கு வெளங்கவே இல்ல. நானும் கேக்காத சாமி இல்ல. ஒன்னும் பதில் சொல்ல மாட்டேங்குது."

நிரோஷன் திரையைப் பார்த்தான். சுவர் கூரையில் முட்டிக்கொண்டு நின்றது. இப்போதும் பேசாமல் இருந்துவிடலாம். அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள், சாமியும் சும்மா இருக்கும், அவளும் ஒருநாள் இதைக் கேட்டபடியே கண்ணை மூடிவிடுவாள். அது தன்னால் முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

"நான்தாம்மா இருக்கச் சொன்னேன்."

வேலாயி திரும்பினாள்.

"கால் பண்ணினா. சத்தம் கேக்குது, என்ன செய்யன்னு கேட்டா. எங்கயும் போகாத, உள்ளயே இருன்னு நான்தான் சொன்னேன்."

அவள் கத்துவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் காத்து நின்றான். அப்படி ஏதாவது நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலாயி ஒன்றும் செய்யவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சொன்னதில் ஏதோ ஓர் இடம் பொருந்தவில்லை என்பதுபோல் அவள் புருவம் சுருங்கியது.

"அவளா?" என்றாள். "அவ என்னிக்குடா யாரு சொல்லிக் கேட்டா?"

"அன்னிக்குக் கேட்டாம்மா" என்றான் நிரோஷன். "சரிண்ணேன்னு சொன்னா."